மாஸ்டர் சொல்லாமல் விட்ட பாதி

வடமராட்சியில் எமது கல்லூரியின் பழைய கட்டடத்தில், கடற்காற்று நேரே வந்து யன்னலில் மோதும் வகுப்பறையொன்றில்தான் ஹெர்மன் மெல்வில் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். இலக்கணம் சலித்துப்போன பிற்பகல்களில் எமது ஆங்கில மாஸ்டர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்த அமெரிக்கரின் கதையைத் தொடங்குவார்: 1819இல் நியூயோர்க்கில் பிறந்தவர், கடனில் மூழ்கிய தந்தையைப் பன்னிரண்டு வயதில் இழந்தவர், 1841 சனவரியில் மசாச்சுசெட்ஸ் கரையிலிருந்து ‘அகுஷ்நெட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறியவர், பதினெட்டு மாதங்களில் அந்தக் கப்பலையே விட்டு ஓடியவர். ‘ஓடியவர்’ என்றதும் பின்வரிசையிலிருந்த வல்வெட்டித்துறைப் பையன்கள் சிரித்துவிடுவார்கள். பாட்டனும் பூட்டனும் தண்டயல்களாக, கப்பல் தலைவர்களாக, இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வெளியில் சொல்லக்கூடிய காரியமாகவே படவில்லை. மூன்று நான்கு வருடங்கள் ஊர் திரும்பாமல் அலைகின்ற கப்பல் அது, பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வருவதைப் போன்றதல்ல என்று மாஸ்டர் அவர்களை அடக்குவார். ஆனாலும் அவர்களுக்கு மசாச்சுசெட்ஸ் அந்நியமான பெயரன்று. தங்கள் ஊரில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அதே கரையிலுள்ள குளொஸ்டர் துறையை அடைந்த கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள்.

கப்பலை விட்டு ஓடி, பசிபிக் கடலிலுள்ள நுகு ஹிவா தீவில் தோழர் டோபியுடன் மலையேறித் தப்பிய மெல்வில், நரமாமிசம் உண்பவர்கள் என்று மாலுமிகள் அஞ்சிய மக்களிடையே நான்கு மாதங்கள் தங்கினார் என்று மாஸ்டர் சொல்வார். மெல்விலும் 1846இல் வெளிவந்த தமது முதல் நூலில் அப்படித்தான் எழுதினார். உண்மையில் அவர் அங்கிருந்தது ஒரு மாதமே என்பதை நான் அறிந்தபோது, அதைச் சொல்லிச் சிரிக்க மாஸ்டர் இல்லை. அந்த நூல் முழுவதும் கட்டுக்கதை என்று விமர்சகர்கள் சிலர் எழுத, இறந்துவிட்டதாக மெல்வில் எண்ணியிருந்த டோபியே பஃபலோ நகரில் உயிரோடு வெளிப்பட்டு, நடந்தது உண்மை என்று பத்திரிகையில் எழுதினார்.

மாஸ்டரின் கதை 1851இல், திமிங்கில வேட்டையைச் சொல்லும் ‘மோபி டிக்’ நாவல் வெளிவந்ததோடு முடிந்துவிடும். பெரும்பாலும் மணியும் அடித்துவிடும்.

மிகுதியை நான் புலம்பெயர்ந்த பின்னர், களஞ்சியமொன்றில் வந்திறங்கும் பெட்டிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடும் வேலையில் இருந்த காலத்தில்தான் வாசித்தேன். அந்த நாவல் விலைபோகவில்லை. லண்டன் பதிப்பில், கதைசொல்லி உயிர்தப்பியதைக் கூறும் இறுதிப் பகுதி விடுபட்டுப்போனதால், எல்லோரும் மூழ்கியபின் கதையைச் சொல்பவர் யார் என்று அங்குள்ள விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அடுத்து வந்த நாவல்களும் கைகொடுக்காத நிலையில், 1866இல், நாற்பத்தேழாவது வயதில், அவர் நியூயோர்க் துறைமுகத்தில் சுங்கப் பரிசோதகராகச் சேர்ந்தார். நாளுக்கு நான்கு டொலர் சம்பளம். மறு ஆண்டே மூத்த மகன் மல்கம் துப்பாக்கிச் சூட்டுக் காயத்தோடு தன் அறையில் இறந்து கிடந்தான். அதன் பிறகும் 1885 வரை அந்த வேலைக்குப் போய்வந்தார். மாலுமியாக அவர் கழித்தது ஐந்து ஆண்டுகள்கூட இல்லை; பிறர் கப்பல்களில் வந்த சரக்கைப் பார்வையிட்டது பத்தொன்பது ஆண்டுகள். மாஸ்டர் இதை அறியாமல் விட்டாரா, எங்களுக்கு வேண்டாமென்று விட்டாரா என்று இன்றும் யோசிக்கிறேன். பதினைந்து வயதில் எனக்கு அது விளங்கியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனெற்றிக்கட்டின் மிஸ்ரிக் துறையில், மெல்வில் புறப்பட்ட அதே 1841இல் நீரில் இறக்கப்பட்ட ‘சார்ள்ஸ் மோர்கன்’ என்ற வேட்டைக் கப்பலில் ஏறினேன். கப்பலின் முன்பகுதியான அணியத்தின் கீழே மாலுமிகள் படுத்த அறைக்குள் குனிந்தே நுழைந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பலகைத் தட்டுக்கள், இடையில் ஒருவர் ஒருக்களித்துப் படுக்கும் இடம், மேல்தட்டிலிருந்து இறங்கும் சிறிய வெளிச்சம். ஓடியவரைப் பார்த்துச் சிரித்த பின்வரிசைக்காரர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தவேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில் நியூயோர்க்கின் வுட்லோன் மயானத்துக்கும் போனோம். 1891இல் அவர் இறந்தபோது வைத்த கல்லில் விரித்த ஏட்டுச்சுருள் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் இல்லை. கல்லின் மேல் யாரோ சில பேனாக்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். களஞ்சியத்தில் பழகிய பழக்கத்தில் என் சட்டைப்பையிலும் ஒன்று இருந்தது. அதையும் அவற்றின் அருகில் வைத்தேன்.