சமதரையில் ஓடிய ரோபோ ஏற்றத்தில் நின்ற கதை

மட்டக்களப்பில் எங்களுக்குத் தெரிந்த மேடு கல்லடிப் பாலத்து ஏற்றம்தான். அதனாலோ என்னவோ, தரையில் வரைந்த கோட்டைப் பார்த்து ரோபோ தானே ஓடும் போட்டியின் தடத்தில் 20 பாகைச் சாய்தளம் உண்டு என்று வாசித்தும் நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. சமதரையில் கோடு பிடித்து ஓட வைப்பதிலேயே மூன்று கிழமை போனது.

அப்புறம்தான் ஒரு மீற்றர்ப் பலகையின் ஒரு நுனியை 34 சென்ரிமீற்றர் உயர்த்தினோம். 20 பாகைக்கு அது போதும். ரோபோவின் முன்சில்லுகள் சுற்றின, வண்டி அசையவில்லை. மோட்டருக்குப் பலம் காணாது என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி, கியர் விகிதம் கூடியதை வாங்கிப் பூட்டினோம். அதுவும் நின்ற இடத்திலேயே வழுக்கியது. காசு போனதுதான் மிச்சம்.

சில்லு சுற்றியும் ஏறவில்லை என்றால் குறை பிடிமானத்தில். சில்லே சுற்றாமல் முனகினால்தான் மோட்டரையும் பற்றரியையும் பாருங்கள். எங்களுடையதில் மோட்டர்ச் சில்லுகள் முன்னால், மோட்டரில்லாமல் சும்மா உருளும் உருளைச் சில்லு பின்னால். ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாயும். இழுக்க வேண்டிய சில்லுகள் இலேசாகிவிடும். உயர்தரப் பௌதிகவியலில் உராய்வுக் கணக்கு எத்தனை செய்திருப்போம், இது மட்டும் உறைக்கவில்லை. கடைசியில் வண்டியைத் திருப்பிப் பின்சில்லு இழுக்கும்படி மாற்றினோம். அப்போது மூக்குத் தூக்கியது. பற்றரியை மேல்தட்டிலிருந்து இறக்கி முன்பக்கம் தாழ்வாகக் கட்டியதும் அடங்கியது. சில்லுகளுக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மாட்டினோம். தூசி படிந்தால் அதுவும் வழுக்கும், ஓட்டத்துக்கு முன் ஈரத்துணியால் துடையுங்கள்.

மோட்டர் வாங்குமுன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ ரோபோவை 20 பாகையில் ஏற்ற ஏறத்தாழ 3.4 நியூட்டன் வேண்டும். 65 மில்லிமீற்றர் விட்டச் சில்லென்றால் இரண்டு மோட்டருக்கும் சேர்த்து 11 நியூட்டன் சென்ரிமீற்றர் முறுக்கம், அதாவது சுழற்றும் பலம், வேண்டும். அதன் இருமடங்காவது தரக்கூடியதை எடுங்கள்.

சாய்தளத்தின் அடியில், கோட்டைப் பார்க்க முன்னால் தாழ்வாகப் பூட்டிய கோட்டு உணரி பலகையில் இடிக்கும், உச்சியில் அந்தரத்தில் நின்று கோட்டைத் தொலைக்கும். கோடு தெரியாத அந்தக் கணம் நேராகவே போகும்படி நிரலில் எழுதினோம். உச்சியில் வயிறு தட்டாமல் இருக்க அடித்தட்டையும் உயர்த்தினோம்.

போட்டியன்று அழகாக ஏறியது. மறுபக்க இறக்கத்தில்தான் தலைகுப்புற விழுந்தது. இறக்கத்தை நாங்கள் ஒருதரமும் ஓட்டிப் பார்க்கவில்லை.