பத்தாம் நம்பர் நாற்காலி

சமூக ஊடக வேலையில் 'இன்னும் பத்து நாள்' பதிவு மாதிரி சோம்பேறிச் சரக்கு வேறு கிடையாது. ஒரு படம், மேலே கொட்டை எழுத்தில் ஓர் எண். மறுநாள் ஒன்பது. நகைக்கடைத் திறப்பு, ஆடித் தள்ளுபடி என எதற்கும் ஒட்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பனிச்சறுக்கு மையத்தின் கணக்கு எங்கள் டீமுக்கு வந்தபோது அவர்கள் கேட்டதும் இதைத்தான், கொஞ்சம் புதுமையாக.

நான் தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அங்கே காலை ஏழு என்றால் அக்டோபரில் நமக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அது ஏழரை ஆகிவிடும். கம்பியில் நாற்காலிகள் தொங்கியபடி மலைக்குப் போகும் லிஃப்டில் ஒவ்வொரு நாற்காலிக்கும் நம்பர் உண்டு. அதையே பிடித்துக்கொண்டோம். பத்தாம் நம்பர் நாற்காலியில் ஒரு மெக்கானிக், ஒன்பதில் டிக்கெட் கவுன்டர் பெண், எட்டில் சமையல்காரர். நன்றாகத்தான் போனது.

ஆனால் அந்த ஊரில் திறப்பு நாள் பெரும்பாலும் வானத்துப் பனியை நம்பி வருவதில்லை. இரவில் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து பீரங்கி மாதிரியான கருவியில் பீய்ச்சுவார்கள். துளிகள் தரையைத் தொடுவதற்குள் உறைய வேண்டும். அதற்குக் குளிர் மட்டும் போதாது, காற்று உலர்ந்தும் இருக்க வேண்டும். குளிரையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால்தான் வேலை நடக்கும். காற்று நன்றாகக் காய்ந்திருந்தால் தெர்மாமீட்டர் பிளஸ் 1 காட்டும்போதும் பனி செய்யலாம். ஈரமாக இருந்தால் பூஜ்யத்திலும் முடியாது. அரபஹோ பேசின், கீஸ்டோன், லவ்லேண்ட் போன்ற கொலராடோ பனிச்சறுக்கு மையங்கள் அக்டோபரிலேயே யார் முதலில் திறப்பது என்று போட்டி போடுவதும் இந்தக் கருவிகளின் பலத்தில்தான்.

நாலாம் நம்பர் நாற்காலி வந்தபோது அங்கே வெயில் அடித்தது. ராத்திரியிலும் குளிரவில்லை, கருவிகள் நின்றுவிட்டன. திறப்பு தள்ளிப்போனது, புதுத் தேதி இல்லை. அப்படியானால் நாளைக்கு எந்த நாற்காலி? மறுபடி பத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் அவர்கள் தரப்பு மேலாளர். சரி, அதுவும் தள்ளிப்போனால்?

கீழ் வீட்டில் காசிமேட்டுப் படகுக்காரர் ஒருவர் இருக்கிறார். பதிவைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, தேதிய மட்டும் சொல்லிகினு கீற, வேல எவ்ளோ முடிஞ்சிச்சுனு சொல்லவே இல்லியே?" என்றார். அவருக்கு இது பழக்கமான விஷயம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. முன்பு 45 நாள், 2017 முதல் 61. கடலுக்குப் போகும் நாள் ஊருக்கே தெரியும், அரசாங்கம் போட்ட தேதி. அப்படி இருந்தும் துறைமுகத்தில் யாரும் நாளைச் சொல்ல மாட்டார்கள். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டால், வலை பின்னியாச்சு, பெயின்ட் அடிச்சாச்சு, இன்ஜின்தான் பாக்கி என்பதுதான் பதில். தேதி உறுதியாக இருக்கும் இடத்திலேயே வேலையை வைத்து எண்ணுகிறார்கள். தேதியே ஆடும் இடத்தில் நாங்கள் எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் நாற்காலியை விட்டுவிட்டோம். பீய்ச்சும் பனி முதலில் பெரிய குவியலாகத்தான் சேரும், பிறகுதான் வண்டி ஓட்டிப் பரப்புவார்கள். தினமும் விடியற்காலையில் ஒரே இடத்தில், அதே ஊழியரைக் குவியலுக்குப் பின்னால் நிற்க வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னோம். முழங்கால், இடுப்பு, தோள். எண்ணே கிடையாது. நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் கயிறு கட்டி ஆட்களை இறக்கும் மீட்புக் குழுவின் பயிற்சி, குழாய் இழுத்துப் பனி ஒட்டிப்போன கையுறை எல்லாம் போட்டோம். எனக்குப் பிடித்தது அந்தக் கையுறை. விரல்கள் மடங்கியபடியே உறைந்து, மேசை மேல் தானாக நின்றது. குவியல் தலையைத் தாண்டிய அன்று தொப்பி மட்டும் தெரிந்தது. "இடுப்பு வரைக்கும் வந்தாச்சா?" என்று ஜனங்களே விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். திறப்பு நாளில் கிடைத்தது புல்லுக்கு நடுவே ஒரே ஒரு குறுகலான வெள்ளைப் பட்டை. அதற்கு இருட்டிலேயே வேஷம் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்!

இந்த வருஷம் மறுபடி நாற்காலி யோசனை வந்திருக்கிறது. அடிப்பனி போட்டு முடித்த பிறகு மூன்றிலிருந்து மட்டும் எண்ணலாம் என்று எழுதியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில்தான் இழுபறி. வெயிலில் குவியல் கரைந்து இறங்கும் நாளின் படத்தையும் போட வேண்டும் என்கிறேன் நான். அது வியாபாரத்துக்கு ஆகாது என்கிறார்கள். நேற்று ராத்திரியும் அதற்கு ஒரு மெயில் வந்தது, இன்னும் பதில் போடவில்லை.