மூன்று மாதக் கெடுவும் ஒரு கூரியர் உறையும்

செம்பூரில் அப்பா விட்டுச் சென்ற வீட்டை வாரிசுகள் மூவரும் சேர்ந்து விற்று முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூஜெர்சியில் இருக்கிறார். தங்கை இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் இருக்கிறாள். மும்பையில் அலைவதற்கு நான் ஒருத்திதான். அப்பா உயில் எழுதவில்லை. சொசைட்டியில், அதாவது குடியிருப்பின் கூட்டுறவுச் சங்கத்தில், என்னை நாமினியாகப் போட்டிருந்ததால் வேலை எளிதில் முடியும் என்று நம்பியிருந்தேன். நாமினி என்பவர் வாரிசுகளுக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரே தவிர உரிமையாளர் அல்லர் என்பதை வக்கீல்தான் எடுத்துச் சொன்னார்.

ஊரில் பெரியப்பா காலமானபோது தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தோம். மகாராஷ்டிரத்திலோ 1827-ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குமுறைச் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் அதைப் பெற வேண்டும். அங்கே பெயர்ச் சிக்கல் தொடங்கியது. சொசைட்டியின் பங்குச் சான்றிதழில் அப்பாவுக்கு இரண்டு இனிஷியல்; மரணச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தது; அண்ணனின் கடவுச்சீட்டிலோ அப்பாவின் பெயரே குடும்பப் பெயராக நின்றது. தகப்பனுக்கும் மகனுக்கும் எப்படிக் குடும்பப் பெயர் மாறும் என்று எழுத்தர் கேட்டார். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, தந்தையின் பெயரே இனிஷியலாகிறது என்று எவ்வளவு சொல்லியும் மனுவைத் திருப்பித் தந்துவிட்டார். எல்லாப் பெயர்களும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று பிரமாணப் பத்திரம் எழுதி, அப்பாவின் பள்ளிச் சான்றிதழையும் பழைய ரேஷன் கார்டையும் இணைத்த பிறகே மனு நகர்ந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், பெற்றோர் நன்றாக இருக்கும்போதே எல்லாத் தாள்களிலும் பெயரை ஒன்றுபோல் ஆக்கிக்கொள்ளும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன், தங்கை சார்பில் நான் விற்றுக் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில்தான் பெரிய அடி விழுந்தது. அண்ணன் முதலில் நோட்டரி கையெழுத்தோடு மட்டும் அனுப்பினார். அப்போஸ்டில், அதாவது பிற நாட்டிலும் ஆவணம் செல்லும்படி அந்நாட்டு அரசு தரும் சான்று, இல்லாததால் அது பயன்படவில்லை. இரண்டாவது பத்திரம் அப்போஸ்டில் பெற்று வந்து சேர்ந்தது. நீதிமன்றச் சான்றிதழ் கைக்கு வரட்டும், பதிவின்போது முத்திரைத் தீர்வை கட்டிக்கொள்ளலாம் என்று அதைப் பீரோவில் வைத்தேன். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்வை கட்டியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கையெழுத்திட்டு நான்கு மாதமும், வீட்டுக்கு வந்து இரண்டரை மாதமும் ஆகியிருந்த நிலையில் அதை முத்திரைத் தீர்வை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். வந்த தேதிக்கு ஆதாரமாகக் கூரியர் உறையைக் கேட்டார்கள். அதை வந்த அன்றே கிழித்துப் போட்டிருந்தேன். கையெழுத்துத் தேதியை வைத்தே கணக்கிட்டு, கெடு கடந்துவிட்டது என்று ஏற்க மறுத்துவிட்டார்கள். அன்று இரவு தொலைபேசியில், "அண்ணா, இன்னொரு தடவை கையெழுத்துப் போட வேண்டும்" என்று சொல்வதற்குள் எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

மூன்றாவது பத்திரம் வந்தபோது உறையைப் பிரிக்காமல் முதலில் படம் எடுத்தேன். பின்பு ஓரமாகக் கத்தரித்துப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தேன். நான்காம் நாளே அலுவலகத்துக்குச் சென்றேன். முன்பு ஏற்க மறுத்த அதே அலுவலகத்து எழுத்தர் உறையைத் திருப்பி, ஒட்டுச்சீட்டிலிருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்து, மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாததால் தங்கை இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டாள். அதில் ஒரு தடையும் வரவில்லை.

பதிவு ஒரே நாளில் முடிந்தது. உள்நாட்டவருக்குப் பிடிக்கும் 1 சதவீத வரிப் பிடித்தம் அண்ணன், தங்கை பங்குகளுக்குப் பொருந்தாது, அதைவிட அதிகம் பிடிப்பார்கள் என்பதால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தோம். அண்ணன், தங்கை பங்குப் பணம் அவரவர் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வாழ்வோர் இந்திய வருவாயைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) சேர்ந்தது, அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவரிடமிருந்து ஓராண்டில் 1 லட்சம் டாலருக்கு மேல் வாரிசுச் சொத்தாகவோ பரிசாகவோ பெற்றால், வரி இல்லாவிட்டாலும் 3520 என்ற படிவத்தில் அமெரிக்க வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் பெற்ற தொகையில் 25 சதவீதம் வரை போகலாம். எங்கள் மும்பை ஆடிட்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அண்ணன் அங்குள்ள கணக்காளரிடம் வேறு எதையோ கேட்கப் போய் இதை அறிந்து, கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாக அனுப்பிவிட்டார்.