புள்ளி வேறானால் இனமும் வேறா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் போடுகிறவர்கள் பொறிவண்டுகளைக் கவனித்திருப்பார்கள். 2001-இல் மேற்கு கேப்பில் முதன்முதலாகப் பதிவான ஆசியப் பொறிவண்டான ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ்தான் அவற்றில் பெரிய குழப்பக்காரன். ஆரஞ்சு வடிவத்தில் புள்ளியே இல்லாததும் உண்டு, 19 புள்ளி உள்ளதும் உண்டு. இரண்டு அல்லது நான்கு சிவப்புத் திட்டுகள் கொண்ட கறுப்பு வடிவங்களும் இதே இனம்தான். இந்த நிற வடிவங்களைப் பேனியர் என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 2018-இல் தெரியவந்தது.

அதனால் "இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஆகவே இரண்டு இனம்" என்ற வாதம் நிறத்துக்குச் செல்லாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அடையாளங்கள், ஒரே இடத்தில், சேர்ந்தே மாறுகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். கறுப்பு வண்டுகளுக்கெல்லாம் ஆணுறுப்பின் நுனி ஒருவிதம், ஆரஞ்சுக்கெல்லாம் வேறுவிதம் என்றால் விஷயம் இருக்கிறது.

ஒரே இடத்தில், ஒரே வாரத்தில், வடிவத்துக்கு 20 வண்டுகளாவது எடுங்கள். ஆண், பெண்ணைப் பிரித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வந்தவை வெளிறி மெத்தென்றிருக்கும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். குளிரில் வளர்ந்த கூட்டுப்புழுவிலிருந்து கறுப்பு மிகுந்த வண்டு வரும், ஆகவே இங்கே குளிர்காலமான ஜூலையின் வண்டையும் கோடையான ஜனவரியின் வண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடக் கூடாது. சாராயத்தில் போட்டால் சிவப்பு வெளுத்துவிடும். மரபணுச் சோதனைக்கு ஒரு காலை மட்டும் 96% எத்தனாலில் போட்டு, உடலை உலர்த்தி ஊசியில் குத்துங்கள்.

ஆணுறுப்பை எடுக்க, உலர்ந்த வண்டை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நுனி வளைத்த ஊசியால் வயிற்றின் கடைசியிலிருந்து இழுக்க வேண்டும். பிறகு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு. அதிக நேரம் விட்டால் சவ்வு கரைந்து கடினப் பகுதியும் கண்ணாடியாகிவிடும். தண்ணீரில் இரண்டு துளி வினிகர் விட்டு அலசி, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். பொறிவண்டில் பார்க்க வேண்டியது சைஃபோ என்ற நீண்டு வளைந்த குழாயின் நுனி. ஒப்பிடும் இரண்டு நுனிகளையும் ஒரே கோணத்தில் கிடத்தாமல் பார்த்துவிட்டுப் புது இனம் கண்டவர்கள் ஏராளம்.

சாணவண்டில் ஏமாற்றுவது வேறொன்று: ஆந்தோஃபேகஸ் வகைகள் பலவற்றில் பெரிய ஆணுக்குக் கொம்பு, சிறிய ஆணுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. மார்புத்தகட்டின் அகலத்துக்கு எதிராகக் கொம்பு நீளத்தை வரைந்தால் எஸ் வடிவ வளைவு ஒன்று வரும். அங்கே கொம்பும் உடல் அளவும் தனித்தனி அடையாளம் அல்ல, இரண்டும் ஒன்றுதான். பெண்களைப் பிரிக்க முடியவில்லை என்றால் ஆண்களைப் பிரித்ததைச் சந்தேகியுங்கள். மறுபக்கமும் உண்டு. ஒரே பரவலான இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட டிஜிடாந்தோஃபேகஸ் கஸெல்லா என்ற சாணவண்டு, 2017 ஆய்வில் ஆப்பிரிக்காவின் பல இனங்களாகப் பிரிந்தது.

இனங்காணப் பயன்படும் சிஓஐ பார்கோடு என்பது தாய்வழியாக மட்டும் வரும் ஒரு மரபணுத் துண்டு. அதில் 2-3% வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்பது வெறும் கைக்கணக்கு. பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியா அந்தத் தாய்வழி மரபணுவைக் குழப்பிவிடும். அந்த ஒரு துண்டை மட்டும் நம்பிப் பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். வளர்த்துப் பார்ப்பது மேல். தோட்டத்தில் பிடித்த ஒரு பெண் இட்ட முட்டைகளிலிருந்து இரண்டு வடிவமும் வந்தால் அது பலமான சான்று. கூண்டில் கூடியது மட்டும் சான்றாகாது, வேறு இனங்களும் அடைத்து வைத்தால் கூடும். புழுக்களைத் தனித்தனிக் குழாயில் அசுவினி கொடுத்து வளர்க்காவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும், வடிவ விகிதமும் பொய்யாகும்.

கேப் மலையுச்சிகளில் வாழும் கோலோஃபோன் வண்டுகளிடம் "ஒரே இடத்தில்" என்ற சோதனையே நடக்காது. பறக்க முடியாததால் பெரும்பாலும் ஒவ்வோர் இனமும் தன் சிகரத்தோடு நிற்கிறது. அங்கே ஆணின் தாடை, ஆணுறுப்பு, மரபணு மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அவை அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் உள்ளவை. அனுமதியின்றித் தொடாமல் அருங்காட்சியக மாதிரிகளை வைத்தே பாருங்கள்.