தூரப் பந்துக்கு முதலில் நேரம் வேண்டும்

"கைப் பலம் உள்ளவன் வந்தால் தூரமா எறிவான். இதில் என்ன மச்சான் விசேஷம்?" தங்கச்சி மாப்பிள்ளை இப்படித்தான் கேட்கிறார். அவர் கேட்பது அமெரிக்கன் புட்போலை, பந்தைக் கையால் எறிந்து ஆடுவார்களே, அதைப் பற்றி. ஞாயிறு இரவு அமெரிக்காவில் நடக்கும் ஆட்டம் ஹட்டனில் நமக்குத் திங்கள் விடியற்காலை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனைப் பார்ப்பவன் வீட்டில் நான் மட்டும்தான்.

கேன்சஸ் சிட்டி அணியை எடுத்துக்கொள்வோம். 2013இல் பயிற்சியாளராக வந்த அன்டி ரீட், பழைய பயிற்சியாளர் பில் வால்ஷ் வழியில் வந்தவர். சட்டென்று கிட்டத்தில் பந்தைக் கொடு, வாங்கியவன் ஓடட்டும் என்பது அந்த வழி. எறிபவர் அலெக்ஸ் ஸ்மித்தும் அதற்கு ஏற்ற ஆள்தான். ஆனால் 2017 முதல் ஆட்டத்திலேயே அதே ஸ்மித், பந்தை ஓடிப் பிடிக்கும் டைரிக் ஹில்லுக்கு 75 யார் (கஜம்) டச்டவுன் போட்டார், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்தார். அவருக்குப் பின் எறிபவராக வந்த மஹோம்ஸ் அப்போது பெஞ்சில். அடுத்த வருடம் மஹோம்ஸ் 50 டச்டவுன் எறிந்தார் என்பது சரி, ஆனால் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

தூரப் பந்துக்கு உண்மையில் வேண்டியது நேரம். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் இருபது யார் ஓடித் திரும்பும்வரை, எறிபவரைக் காக்கும் முன்வரிசை ஐந்து பேரும் மோதலைத் தாங்க வேண்டும். 2020 பெப்ரவரி சுப்பர் போல், அதுதான் பருவத்தின் இறுதி ஆட்டம், நினைவிருக்கிறதா? கேன்சஸ் சிட்டி 10-20 என்று பின்னால், மூன்றாவது முயற்சி, பந்தைக் கைவிடாமல் தொடர இன்னும் 15 யார் தேவை. மஹோம்ஸ் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார். ஹில் உள்ளே வெட்டுவதுபோல் ஓடுகிறார், காவல்காரர் அதை நம்பி உள்ளே வர, ஹில் வெளியே திரும்பி ஓடுகிறார். 44 யார்! கடைசியில் 31-20. கிட்டப் பந்துகளையே பார்த்துப் பழகிய காவல்காரர் அல்லவா அப்படி உள்ளே இழுபடுவார்?

எங்கள் தோட்டத்து கிரவுண்டில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. ஓங்கி உதைத்தால் பந்து கொழுந்துக்குள் போய்விடும். எடுக்க இறங்கினவன் அட்டைக்கடியோடுதான் ஏறி வருவான். அதனால் எல்லாரும் கிட்டப் பாஸ்தான். தூரப் பந்தில் எனக்கிருக்கும் பைத்தியம் அங்கிருந்து வந்ததோ என்னவோ.

அப்புறம் எதிரணிகள் தூரப் பந்தைத் தடுக்க இரண்டு காவல்காரரை ஆழத்தில் நிறுத்தத் தொடங்கின, 2022இல் ஹில்லும் மியாமிக்குப் போய்விட்டார். கேன்சஸ் சிட்டி மறுபடி கிட்டப் பந்துக்கு இறங்கி அந்தப் பருவத்தையும் வென்றது. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு யார் ஆறு யாராக நகர்வதைப் பார்க்க அந்தக் குளிரில் எழும்ப எனக்கு மனம் வரவில்லை மச்சான்.