கதம்பலுக்குள் ஒரு கருவி

நாகர்கோவிலை அடுத்த ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தபோது, பத்துக் கிலோவுக்குள் அடங்கும் நிலவுத் தரையிறங்கியின் மாதிரியை உருவாக்கும் பொறுப்பு எங்கள் நால்வருக்கு வந்தது. சந்திரயான்-3 இன் விக்ரம் ஏறத்தாழ 1,750 கிலோ. அதையே சுருக்கி வரைந்தால் போதும் என்று நினைத்ததுதான் எங்கள் முதல் தவறு.

நிலவில் காற்றில்லாததால் பாராசூட்டுக்கு வேலையில்லை. சுற்றுப்பாதையில் விநாடிக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டராக இருக்கும் வேகத்தை எரிபொருளால்தான் தணிக்க வேண்டும் என்பதால், எடையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. கலம் சிறுத்தாலும் வால்வும் ரேடார் உயரமானியும் அதே விகிதத்தில் சிறுப்பதில்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது அறிவியல் கருவிக்கு மிஞ்சியது 90 கிராம்.

அன்று மாலை அலுவலக வளாகத்தில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், இவ்வளவு உயரத்திலிருந்து விழும் காய் ஏன் உடைவதில்லை என்று விளையாட்டாகக் கேட்டேன். "கதம்பல் இருக்கும்போது செரட்டை எங்க மக்களே உடையும்?" என்றார். கதம்பல் என்று அவர் சொன்னது தேங்காயை மூடியிருக்கும் நார் மட்டையை; செரட்டை, உள்ளிருக்கும் ஓடு.

1962 இல் அமெரிக்காவின் ரேஞ்சர் கலங்கள் பால்சா மர உறைக்குள் நில அதிர்வுமானியை வைத்து அனுப்பப்பட்டதும் இதே எண்ணத்தில்தான். (அவற்றில் எதுவும் அதை நல்லபடியாக இறக்கவில்லை என்பது வேறு கதை.) ஜப்பானின் 12.6 கிலோ நிலவுக் கலமான ஓமோதெனாஷியும் மோதி இறங்கவே வடிவமைக்கப்பட்டது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட பின் தொடர்பு நிலைபெறாமல் இறங்கும் முயற்சி கைவிடப்பட்டது.

நாங்களும் கால்களைக் கைவிட்டோம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மோதி, 10 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், கருவி தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல் சுமார் 200 மடங்கு. நிலவில் அந்த வேகத்துக்கு 120 மீட்டருக்கு மேலிருந்து விழ வேண்டும். இங்கே 20 மீட்டர் போதும். தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து பெட்டியைப் போட்டோம். கதம்பல் ஈரம் கக்கும், வெற்றிடத்துக்கு ஆகாது என்பதால் தேனடை வடிவ அலுமினியமே உறை. அது அப்பளம்போல் ஒரே சீராக நொறுங்கியிருந்தது. ஆனாலும் கருவி பேசவில்லை. திறந்து பார்த்தால், மின்கலத்தின் கம்பி, நான் சால்டர் வைத்த இடத்திலேயே விட்டுப்போயிருந்தது.

பிறகு முழு மின்சுற்றுப் பலகையையும் எபாக்சி பிசினில் புதைத்தோம். அதற்கு 150 கிராம் தேவைப்பட்டது. கால்களை எடுத்துவிட்டதால் கிடைத்த எடையில் நான் சேர்த்திருந்த கேமராவை, மறுநாள் காலை நானே பட்டியலிலிருந்து அடித்தேன்.