டைமு என்றதுங்களா?

"வலி வந்த பொறவு எந்திரிக்காதீங்க்கா. டைம் பாத்து எந்திரிங்க." நாள்பட்ட வலியோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாத ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (வலியோ நோயோ இருந்தும் அன்றாட வேலையைச் செய்ய வழி பார்த்துத் தருகிற எங்களைப் போன்றவர்) இருக்க முடியாது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் ஒரு அக்காவிடமும் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "டைமு என்றதுங்களா மேடம்?" என்றார். நேரம் என்னுடையதா என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

விதியில் தப்பில்லை. இப்போதும் அதையேதான் சொல்வேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், வலியின் அளவும் உள்ளே உள்ள சேதத்தின் அளவும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அவர் பிறந்த வீட்டில் தறி ஓடியது. அதனால் தறியை வைத்தே சொன்னேன். ஊடை அறுந்தால் தறி தானாக நிற்கும். உங்களுக்கு ஊடை அறுந்துபோகாமலேயே தறி நிற்கிறது. நிறுத்தும் அமைப்புதான் கூர்மையாகிப் போயிருக்கிறது. உடனே புரிந்துகொண்டார். "அதான் எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னாங்களா" என்றார். பதினாலு மாதமாகக் கழுத்திலும் வலது தோளிலும் வலி. எல்லோரும் "ஒண்ணுமில்லை" என்றதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய குறையாக இருந்தது.

வலி வந்ததும் நிறுத்தினால், நிறுத்தும் உரிமை வலியின் கைக்குப் போய்விடும். வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் துணி, மாவு, வீடு கழுவுவது என்று எல்லாவற்றையும் வாரிப் போட்டுச் செய்துவிட்டுத் திங்களும் செவ்வாயும் படுப்பது அதன் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வேலையை மூன்று நாள் செய்து, வலி ஏறத் தொடங்கும் நேரத்தைக் குறிக்கச் சொல்வோம். அவர் குறித்துவந்தது 34, 26, 30 நிமிடம். சராசரி 30, அதில் 80 சதவீதம், 24. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 நிமிடத்தில் கை நிற்க வேண்டும், இரண்டு நிமிடம் எழுந்து நடக்க வேண்டும். ஒரு வாரம் தாங்கினால் பத்து சதவீதம் கூட்டலாம். வலி கிளம்பிவிட்டால் முந்தின படிக்கு இறங்க வேண்டும், முழுதாகப் படுத்துவிடக் கூடாது. பலரும் வழுக்குவது நல்ல நாளில்தான்: "இன்னிக்கு நல்லாத்தான இருக்குது" என்று 24-ஐ 50 ஆக்கிவிடுவார்கள்.

அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். எட்டு மணி நேர ஷிப்ட்டில் 26 நிமிடச் சுற்று பதினெட்டு. சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் 36 நிமிடம் போச்சு. ஒண்ணரை ஷிப்ட் ஓடும் நாளில் 54. அவர் பீஸ் ரேட்டில் இருக்கிறார், தைத்த பீஸுக்குத்தான் கூலி. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. (முதல் நாள் அவர் கேட்டது வேறு: டாக்டர் சீட்டில் 'ஓ.டி.' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "இந்த வலியோட ஓவர்டைம் பாக்கச் சொல்றாருங்களா?" என்றார். ஆஸ்பத்திரிக்குள் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர், பனியன் கம்பெனியில் ஓவர்டைம். ஆக்குபேஷனல் தெரபிக்கு மிஞ்சியது மூன்றாவது இடம்.)

அன்று பதில் சொல்லாமல், சொல்லத் தெரிந்ததற்குத் தாவினேன். உட்காரும் உயரம். அடுத்த முறை அவர் கொண்டுவந்தது இரண்டு முடிச்சுப் போட்ட ஓவர்லாக் நூல்: தரையிலிருந்து ஸ்டூலுக்கு ஒரு முடிச்சு, டேபிளுக்கு ஒரு முடிச்சு. டேப் வைத்துப் பார்த்தால் 46 சென்டிமீட்டர், 76 சென்டிமீட்டர். இடைவெளி 30. உட்கார்ந்த நிலையில் அவருடைய முழங்கை ஸ்டூலுக்கு மேலே 21 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. டேபிள் ஒன்பது சென்டிமீட்டர் மேலே. நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடித்தபடிதான் தைத்திருக்கிறார். ஸ்பாஞ்ச் வாங்காதீர்கள் என்றேன். மூன்று இஞ்ச் ஸ்பாஞ்ச் உட்கார்ந்ததும் ஒரு இஞ்ச் ஆகிவிடும். உயரத்தை எப்போதும் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். கட்டிங் வேஸ்ட் துணியை உறையில் இறுக்கி அடைத்து ஐந்து சென்டிமீட்டர் ஏற்றினோம். உட்காருவது ஏறினால் கால் மிதியைத் தேடும். மிதியைச் சற்று முன்னே தள்ளி, கம்பியின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். டேபிளை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தால் கழுத்து இவ்வளவு குனிய வேண்டியிருக்காது. மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை, எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும் என்றாராம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

தைக்க வேண்டிய துணிக் கட்டு தரையில் இருந்தது. அதை இடது பக்கம் மடி உயரத்தில் ஒரு பெட்டி மேல் வைக்கச் சொன்னேன். "தச்ச கட்ட நீங்க தூக்காதீங்க, ஹெல்பர் எடுத்துட்டுப் போகட்டும்" என்றும் சொன்னேன்.

இதற்கிடையில், அவர் வழி கேட்டது வேலைக்கு மட்டுமல்ல. எது முடியவில்லை, அது எவ்வளவு முக்கியம், எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடவைக்கும் கனடாக்காரர்களின் படிவம் எங்களிடம் உண்டு. அதில் எவ்வளவு முக்கியம் என்ற இடத்தில் அக்கா வேலைக்கும் பத்து போட்டார், மகளுக்குத் தலை பின்னிவிடுவதற்கும் பத்து போட்டார். பின்னலுக்கு ஐந்து நிமிடத்தில் வழி கிடைத்தது: பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் தன் முட்டிமேல் ஊன்றிக்கொண்டு பின்ன வேண்டும். கை அந்தரத்தில் நிற்காது. செய்ய முடிகிற அளவு மூன்றாக இருந்தது ஏழானது. அங்கே நேரம் அவருடையது, அதனால் சுலபமாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அல்லது பின்னல் சின்ன வேலை, அதனால் என்றும் சொல்லலாம்.

கடிகாரத்தை விட்டுவிட்டுக் கட்டுக்கு வந்தோம். 20 பீஸ் கட்டு ஒன்றுக்கு அவருக்கு 11 நிமிடம். இரண்டு கட்டு முடிந்தால் 22. எழ வேண்டாம், மிதியிலிருந்து காலை எடுத்து, கையை மடியில் போட்டு, தோளை ஒருமுறை தூக்கிக் கீழே விட்டு, நீளமாக இரண்டு மூச்சு. முப்பது வினாடி. இரண்டு நிமிடத்துக்கு இது ஈடாகாது என்று தெரிந்தேதான் சொன்னேன். எதுவும் இல்லாததற்கு இது மேல் என்று அப்போது பட்டது. அவருடைய கூலிக்குத் தகுந்தபடி மருந்தின் அளவைக் குறைத்துவிட்டேனோ என்று பிறகு பட்டது. இரண்டும் மாறி மாறிப் படுகிறது.

ஆறாவது வாரம் மதிப்பெண் பார்த்தோம். வேலை, நாலிலிருந்து ஐந்து. இரண்டு புள்ளியாவது ஏறினால்தான் அதை மாற்றம் என்று எடுத்துக்கொள்வோம். வலி ஆறு, அப்படியேதான். ஆனால் லீவு குறைந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். முப்பது வினாடியைச் சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டாராம், கை நின்றால் தெரிந்துவிடுகிறது. அதனால் தைத்த கட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய் அடுத்த டேபிளில் வைத்துவிட்டு வருகிறாராம். வேலை நகர்வதால் யாரும் கேட்பதில்லை. 11 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடை. தூக்காதீர்கள் என்று நான் எழுதிக்கொடுத்த அதே கட்டு.

நான் கணக்கிட்டதைவிட நல்ல இடைவேளை அது. ஃபைலில் அப்படியே எழுதினேன்.

கிளம்பும்போது சொன்னார்: "அந்த ஹெல்பர் புள்ளைய வேற லைனுக்கு மாத்திட்டாங்க மேடம். நாந்தான் கொண்டுபோய் வெக்கறனே, அவ எதுக்குன்னு. இப்ப பக்கத்து ரெண்டு மெஷின் கட்டும் நாந்தானுங்க எடுக்கோணும். கட்டு தூக்கறது என்ற வேலையாயிருச்சுங்க."

ஒரு கட்டு எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன். எடை மெஷினில் வைத்துப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.